ஹுதைபிய்யாவும் இஸ்லாமிய நடுநிலையும்

இஸ்லாம் நடுநிலையைப் போற்றும் சமயம் என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் முஸ்லிம்களை நடுநிலைச் சமுதாயம் என்று சுட்டுகின்றது. சமயத்தை எவர்மீதும் திணித்தல் ஆகாது என்னும் கருத்தும் அதே அத்தியாயத்தில் உண்டு. ஆயின், நேயர்களே, நடுநிலை சொல்லுதற்கு எளிது. சினம் மூண்டு நிற்கையில் அதனைக் கைக்கொள்ளுதல் எத்துணை அரிது என்பதை ஹுதைபிய்யா நிகழ்ச்சி காட்டும்.

கி.பி. 628இல் நபிகள் நாயகம் அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் மதீனாவிலிருந்து மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். உம்ரா வழிபாடே நோக்கம். பலியிடுதற்குரிய ஒட்டகங்களும் உடன் சென்றன. குறைஷியர் அனுமதி மறுத்தனர். மக்காவை அடுத்த ஹுதைபிய்யாவில் பயணம் தடைப்பட்டது. உடன்படிக்கை செய்யக் குறைஷியர் சார்பில் சுஹைல் இப்னு அம்ர் வந்தார்.

முதல் வரியிலேயே பிணக்குத் தோன்றிற்று. அளவற்ற அருளாளன் என்னும் இறைப்பெயரைச் சுஹைல் ஏற்கவில்லை. அரபியர் பண்டு வழங்கிய வாசகமே எழுதப்பட்டது. அடுத்து, இறைத்தூதர் என்ற சொல்லையும் நீக்கக் கோரினார். அதனை ஏற்றிருந்தால் உம்மோடு போரிட்டிருப்போமா என்பது அவர் வாதம். எதிரியின் வாதமாயினும் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கின்றது! ஓலை எழுதிய அலீ அவர்களுக்கு அச்சொல்லை அழிக்க மனம் வரவில்லை. நபிகளார் தாமே அதனை அழித்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதச் செய்தார்கள். இரு தரப்பாரும் உடன்படும் ஓலையில், ஒரு தரப்பார் நம்பாத ஒன்றை அவர்கள் வாயால் ஒப்புவிக்க அன்னார் விரும்பவில்லை.

பத்தாண்டுப் போர்நிறுத்தம் உறுதியாயிற்று. அவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். மறு ஆண்டு மூன்று நாள் மக்காவில் தங்கலாம். ஆனால் ஒரு விதி கடினமானது: காப்பாளர் இசைவின்றி மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்; மதீனாவிலிருந்து செல்பவரைக் குறைஷியர் திருப்ப வேண்டியதில்லை. அவ்வேளையில் விலங்கிட்ட கால்களோடு ஒருவர் வந்து அபயம் கோரினார். அவர் அபூ ஜந்தல். இஸ்லாத்தைத் தழுவியதற்காகத் தந்தையாரால் சிறையிடப்பட்டவர். அத்தந்தை சுஹைலே. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பொறுமை கொள்ளுமாறு சொல்லி நபிகளார் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று படிக்கும்போதும் நெஞ்சு கனக்கின்றது. அன்று கண்டோர் நிலை என்னவாயிருக்கும்! உமர் அவர்கள் வெளிப்படையாகவே வினவினார். பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபிகளார் பணித்தும் தோழர்கள் எழவில்லை. முதலில் தாங்களே செய்து காட்டுங்கள் என்று துணைவியார் உம்மு சலமா கூறினார். அவ்வாறு செய்தபின்னரே மற்றவரும் எழுந்தனர்.

போர் நின்றதும் மக்கள் அச்சமின்றிக் கலந்து பேசினர். இஸ்லாம் விரைந்து பரவிற்று. அக்கடினமான விதியைக் கைவிடுமாறு குறைஷியரே பின்னர் வேண்டினர். அவர்தம் நேசக் குலத்தார் உடன்படிக்கையை மீறவே, 630இல் ஏறத்தாழ 10,000 பேருடன் நபிகளார் மக்காவினுள் நுழைந்தார்கள். பழிவாங்கும் வலிமை அப்போது முழுமையாய் இருந்தது, பொதுமன்னிப்பே அறிவிக்கப்பட்டது. இறைத்தூதர் என்ற சொல்லை நீக்கச் செய்த சுஹைலும் அம்மன்னிப்பைப் பெற்றார். பின்னர் எவரும் வற்புறுத்தாமலே அவர் இஸ்லாத்தைத் தழுவினார்.