உஷார்! பழைய காரில் அந்த ஸ்க்ரூவைத் திருக விடாதீர்கள்!

வண்டி நின்ற இடத்தில் ஆஃப் ஆகிறதா? ஏ.சி. போட்டால் எஞ்சின் நடுங்குகிறதா? "ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்திட்டா சரியாயிடும்" என்று யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு பானெட்டைத் திறந்தால், கையைப் பிடித்துத் தடுங்கள்!

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் பார்க்கும் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அவர்களிடம் பழைய சான்ட்ரோ. 1998-இல் நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த மாடல்தான். அடிக்கடி ஆஃப் ஆகிறதென்று, தெரிந்த பையன் த்ராட்டில் பாடி ஓரத்தில் பெயின்ட் வைத்திருந்த ஸ்க்ரூவைத் திருகிவிட்டான். எஞ்சின் நிற்காமல் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சாயங்காலம் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் ஒரே கூட்டம். முதல் கியரில் ஊர்கிறார்கள். ஆக்சிலேட்டரில் காலே இல்லை. கிளட்சை விட்டதும் வண்டி தானாக முன்னே பாய்ந்தது! பிரேக்குக்குக் கால் போவதற்குள் பூக்காரம்மாவின் தள்ளுவண்டியில் இடித்தாகிவிட்டது. கட்டி வைத்த மல்லிகையெல்லாம் டயருக்கடியில். அந்த அம்மா அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

கார்புரேட்டர் காலத்தில் ஸ்லோ, அதாவது ஐட்லிங், வைக்க ஸ்க்ரூதான் வழி. சான்ட்ரோ மாதிரி, இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி அப்படியில்லை! அதில் ஈ.சி.எம். என்கிற கம்ப்யூட்டர், ஐடில் வால்வைத் திறந்து மூடி வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பெயின்ட் வைத்த அந்த ஸ்க்ரூ, த்ராட்டில் எதுவரை மூட வேண்டும் என்று கம்பெனியிலேயே வைத்த அளவு. அதைத் திருகினால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ஆக்சிலேட்டரை மிதிப்பதாகவே கம்ப்யூட்டர் நினைக்கலாம்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. பிரேக்குக்கு பலம் கொடுக்கும் பூஸ்டர், எஞ்சினின் வேக்வம் ஹோஸை நம்பித்தான் இருக்கிறது. அந்த ஹோஸ் வெடித்தாலும் ஐட்லிங் கெடும். ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கைச் சரிக்கட்டிவிட்டால்? பிரேக் கோளாறு உள்ள வண்டியில்தான் பிள்ளைகளை ஏற்றிப் போகிறீர்கள்!

காலையில் எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடி, சூடானதும் இறங்குவது இயல்பு. பயப்படாதீர்கள். சூடான பிறகும் இரைச்சல் இறங்கவில்லையா? ஏறி ஏறி இறங்குகிறதா? காலை எடுத்தும் வண்டி இழுக்கிறதா? செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? உடனே காட்டுங்கள். பிரேக் பெடல் கல் மாதிரி இருந்தால் வண்டியைத் தொடவே தொடாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

முதலில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் கரி, அழுக்கேறிய ஐடில் வால்வு, கிழிந்த ஹோஸ், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சில வண்டிகளில் ஐட்லிங் காற்றுக்கென்றே தனி ஸ்க்ரூ உண்டு. அதையும் எஞ்சின் சூடான பின், ஏ.சி., லைட் எல்லாம் அணைத்து, மேனுவலைப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

இன்னொன்று. ஐட்லிங்கைப் பார்க்கிறேன் என்று வீட்டோடு ஒட்டிய ஷெட்டை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உள்ளே தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது! பானெட்டைத் திறந்தாலும் கவனம்: சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சட்டென்று சுற்றும் வண்டிகள் உண்டு. முந்தானை, துண்டு, விரல், எல்லாம் ஜாக்கிரதை.

ஏற்கெனவே திருகியாகிவிட்டதா? குத்துமதிப்பாகத் திருப்பி வைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். த்ராட்டில் சென்சார் அளவைப் பார்த்து அவர் பழைய இடத்துக்குக் கொண்டுவரட்டும். அதுவரை கோயில் தெருவுக்குள் அந்த வண்டி வேண்டாம்.