தும்புரு தீர்த்தம்: கேட்டாலே கிட்டும் புண்ணியம்

திருமலைக்குச் செல்வோரில் பலர் பாபவிநாச தீர்த்தத்தோடு திரும்பிவிடுகின்றனர். அதற்கும் அப்பால், சேஷாசல வனத்தின் உட்பகுதியில், மலைப்பிளவு ஒன்றில் விளங்குகிறது தும்புரு தீர்த்தம். பிற நாட்களில் வனத்துறையின் காவலில் இருக்கும் இவ்வழி, பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிய தீர்த்த முக்கோட்டியின்போது, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஏற்பாட்டில் அன்பர்களுக்குத் திறக்கப்படுகிறது.

பாபவிநாசத்தில் தொடங்கும் பாதை எளிதன்று. செம்மரங்கள் அடர்ந்த காட்டில் இறங்கி, ஓடையைக் கடந்து, உருண்டைக் கற்களின்மீது கவனமாக அடிவைக்க வேண்டும். இறுதியில் இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்க, நீருக்குள்ளேயே நடக்க நேரிடும். அதன் முடிவில் அருவி வீழும் ஆழ்ந்த சுனை. தெலுங்குக் கவியரசி தரிகொண்ட வெங்கமாம்பா தவமிருந்த இடமாகவும் இதனைப் போற்றுவர். அவர் பெயரால் திருமலையில் ஏகாந்த சேவையின்போது இன்றும் முத்தியால ஆரத்தி நடைபெறுகிறது.

பள்ளிக்கரணையைச் சேர்ந்த எழுபது வயது அன்பர் ஒருவர் இளமையில் இச்சுனையில் நீராடியவர். பேரனுடன் மீண்டும் ஒருமுறை மூழ்கி எழ வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆவல். ஆனால் இருதய நோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் இந்நடையைத் தவிர்க்குமாறு தேவஸ்தானம் அறிவுறுத்துகிறது. அவரோ இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "தாத்தா, மெதுவாகப் போகலாம், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றான் பேரன். "வழியில் எனக்கு ஏதேனும் நேர்ந்தால், உனக்கும் பிறருக்கும் அல்லவா துன்பம்? நீ போய் வா, அப்பா" என்று அனுப்பிவிட்டு, பாபவிநாசத்திலேயே அமர்ந்துவிட்டார். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

அருகே அவரைப் போலவே காத்திருந்த முதியோர் சிலர் தீர்த்தத்தின் வரலாற்றைக் கேட்டனர். அவர் சொல்லத் தொடங்கினார். நீராட இணங்காத தன் மனைவியைத் தவளையாகும்படி சபித்தான் தும்புரு என்னும் கந்தர்வன். நெடுங்காலம் அவள் இத்தீர்த்தக் கரையில் ஓர் அரசமரப் பொந்தில் கிடந்தாள். ஒருநாள் அகத்தியர் சீடர்களுடன் அம்மரத்தடியில் அமர்ந்து தீர்த்தத்தின் மகிமையை உரைத்தார். பொந்திலிருந்தபடி அதனைச் செவிமடுத்த அளவில் அவளது சாபம் நீங்கிற்று.

சொல்லி முடித்தவர் சற்று நேரம் பேசவில்லை. சாபம் தீர்ந்தது நீராடியதால் அன்று, கேட்டதால் என்பது அப்போதுதான் அவர் உள்ளத்தில் உறைத்தது.

மாலையில் திரும்பிய பேரன், சிறு செம்பில் கொணர்ந்த தீர்த்தத்தை அவர் சிரசில் தெளித்தான். "கோவிந்தா!" என்று கைகூப்பினார் பெரியவர். உடல் தளர்ந்தோர்க்கும் அந்தச் சுனை தொலைவில் இல்லை. செவி இருக்கிறது, நினைவு இருக்கிறது. வேங்கடவன் திருவருளுக்கு அவை போதும்.