முகப்பு விளக்கும் எதிர்வருவோர் கண்ணும்

பனியன் நகராம் திருப்பூரில் இரவு உறக்கத்திற்கு மட்டும் உரியதன்று. ஷிப்டு முடிந்து இருசக்கர வண்டியில் அவினாசி சாலை வழியே வீடு திரும்பும் தொழிலாளர்க்கு, எதிர்ப்படும் கார் விளக்கு பேரிடராகிறது. காரின் பின்புறம் பனியன் பண்டல்களை அடுக்கினால் முகப்பு நிமிர்கிறது. ஒளியும் உடன் நிமிர்கிறது. 10 மீட்டர் தொலைவில் 10 செ.மீ. தாழுமாறு அமைந்த ஒளி, வண்டி ஒரே பாகை நிமிர்ந்தாலும் அங்கு 17 செ.மீ. உயர்ந்து, விளக்கின் மட்டத்தையே கடந்துவிடும். பின்னர் அதன் மேல்விளிம்பு சாலையைத் தொடுவதில்லை. எதிர்வருவோர் கண்ணைத் தொடும்.

சரிசெய்தல் எளிது. டயர்க் காற்றைச் சரிபார்த்து, பாரமின்றிச் சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துக. விளக்கின் நடு உயரத்தை அளந்து சுவரில் கோடிடுக. தாழ்நிலை ஒளியின் மேல்விளிம்பு கோட்டிற்கு 10 செ.மீ. கீழே விழும்வரை விளக்கின் பின்னுள்ள திருகைத் திருப்புக. (இடப்புறம் ஒளி சற்று மேலேறுவது பிழையன்று, சாலையோரம் நடப்போரைக் காட்டவே அவ்வமைப்பு.)

8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண் கூசலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. கண்ணாடியில் கருஞ்சாயம் பூசுவோர் ஒளியை இழப்பரேயன்றிச் சாய்வு மாறாது. இக்காலக் கார்கள் பலவற்றில் ஓட்டுநர் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட குமிழ் உண்டு. பாரம் ஏற்றியபின் எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். இறக்கியதும் 0-க்குத் திருப்புக. இல்லையேல் தம் வழி தமக்கே தெரியாது.