கருமி திருந்திய கதை

நத்தார்ப் பண்டிகையை ஒட்டி ஆண்டுதோறும் எத்தனையோ கதைகள் எழுதப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தை பிறக்குமுன் மறக்கப்பட்டுவிடுகின்றன. ஆயின், 1843ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆந் திகதி இலண்டனில் வெளிவந்த சிறு நூலொன்று இன்றும் நிலைத்து நிற்கின்றது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய "கிறிஸ்மஸ் கரோல்" என்பதே அந்நூல். முதற் பதிப்பின் 6,000 பிரதிகளும் நத்தாருக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன. கல்நெஞ்சன் ஒருவன் நல்லவனாவது கதையுலகிற்குப் புதிதன்று. அவ்வாறிருக்க, இக்கதை இவ்வளவு காலம் வாழ்வதன் காரணம் யாது?

டிக்கன்ஸ் வறுமையை ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். 1824ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் கடனுக்காகச் சிறைப்பட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனான அவர் சப்பாத்து மைச் சாலையொன்றிற் போத்தல்களுக்குக் கடதாசி ஒட்டி உழைத்தார். 1843இல், உழைக்குஞ் சிறுவர் நிலைபற்றிய அரசாங்க அறிக்கையைப் படித்து மனம் நொந்து, ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுத எண்ணினார். பின்னர் அவ்வெண்ணத்தை விடுத்துக் கதை எழுதினார். துண்டுப்பிரசுரமாயின் சில மாதம் பேசப்பட்டு மறைந்திருக்கும்.

கதையில் வரும் ஸ்குரூஜ் பொருளையன்றி வேறெதனையும் நேசியாத வணிகன். அவனுடைய இலிகிதர் பொப் கிரச்சிட்டுக்கு வாரச் சம்பளம் 15 சிலிங். கடுங்குளிரிற் காய்வதற்கு ஒரு கரித்துண்டளவு நெருப்பு. நத்தாருக்கு முதல்நாள் ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு வந்த கனவான்களிடம், சிறைச்சாலைகளும் வறியோர் விடுதிகளும் இருக்கத் தன்னை நாடுவானேன் என்கிறான். அங்கு செல்வதினும் சாவதை விரும்புவோர் செத்தால் மிகையான சனத்தொகை குறையும் என்றுங் கூறுகிறான். அவை ஒரு தனிமனிதனின் கொடுஞ்சொற்கள் மாத்திரமல்ல. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தைப் போற்றிய கனவான்கள் நிதானமாகப் பேசிய கருத்துக்களே அவை.

அன்றிரவு, ஏழாண்டுகளுக்கு முன் இறந்த வியாபாரப் பங்காளி மார்லியின் ஆவி, பணப்பெட்டிகளும் திறப்புகளும் கணக்கேடுகளும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகின்றது. அச்சங்கிலியை மார்லி தன் வாழ்நாளில் தானே செய்து பூண்டான். வினைப்பயனை நம்பும் நம்மவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. மார்லிக்குப் பின் மூன்று ஆவிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

ஓரிரவில் மனிதன் மாறுவானா என்று வினவுவோர் உளர். டிக்கன்ஸ் அம்மாற்றத்தை அச்சத்தினால் மட்டும் நிகழ்த்தவில்லை. முதல் ஆவி காட்டுவது நரகத்தையன்று. விடுமுறையிலும் வீடு செல்லாது பள்ளியறையில் தனித்திருந்து படிக்கும் ஒரு சிறுவனை. அச்சிறுவன் தானே என்றறிந்த ஸ்குரூஜ் அழுகிறான். முதல்நாள் மாலை தன் கதவடியிற் பாடவந்த பையனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்று அப்போதே எண்ணுகிறான். தன் பழந்துயரை நினைந்தவனுக்கே பிறர் துயர் கண்ணிற் படுகின்றது. கதையின் உயிர்நிலை இங்கேயே உள்ளது.

இரண்டாம் ஆவி கிரச்சிட்டின் இல்லத்தைக் காட்டுகின்றது. ஊன்றுகோலுடன் நடக்கும் அவருடைய இளமகன் ரைனி ரிம் பிழைப்பானா என்று ஸ்குரூஜ் கேட்கிறான். நிலைமை மாறாவிடிற் பிழையான் என்று கூறும் ஆவி, மிகையான சனத்தொகைபற்றிய அவனுடைய சொற்களையே அவனுக்குத் திருப்பிச் சொல்கின்றது. வெறும் தொகையாக எண்ணப்பட்டது இப்போது பெயரும் முகமும் உடைய பிள்ளையாகிவிடுகின்றது. ஆகவே, இங்கே ஆபத்திலிருப்பது ஸ்குரூஜின் ஆன்மா மாத்திரமன்று. ஒரு குழந்தையின் உயிருமாகும். ஒருவர் திருந்துவதும் திருந்தாமையும் மற்றொருவரின் வாழ்வும் சாவுமாகக் கூடும் என்பதே இக்கதை சொல்லும் உண்மை.

வழிப்பறி செய்தவர் வால்மீகி முனிவரானதையும், விரல்மாலை அணிந்த அங்குலிமாலன் புத்தரின் சீடனானதையும் நம் நாட்டார் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். அவர்கள் உலகைத் துறந்து உயர்ந்தனர். ஸ்குரூஜோ துறவு பூணவில்லை. காலையில் எழுந்ததும் பெரியதொரு வான்கோழியைப் பெயர் சொல்லாது கிரச்சிட் வீட்டுக்கு அனுப்புகிறான். மறுநாள் அதே கந்தோரில் அமர்ந்து, அதே இலிகிதரின் சம்பளத்தை உயர்த்துகிறான். தொழிலைவிடாது, தாம் இருக்குமிடத்திலேயே திருந்தலாம் என்னும் நம்பிக்கை குடும்பத்தவர் அனைவர்க்கும் உரியது. சமய வேறுபாடின்றி யாவரும் இதனை விரும்பிப் படிப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஒருவர் சம்பளம் உயர்வதால் நாட்டின் வறுமை தீருமா? தீராது. டிக்கன்ஸும் அதனை அறிந்திருந்தார். இரண்டாம் ஆவியின் அங்கிக்குள் மெலிந்த பிள்ளைகள் இருவர் ஒளிந்திருக்கின்றனர். சிறுமியின் பெயர் இல்லாமை. சிறுவனின் பெயர் அறியாமை. இருவருள்ளும் சிறுவனுக்கே அதிகம் அஞ்சவேண்டும் என்று ஆவி எச்சரிக்கின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் டிக்கன்ஸ் பார்வையிட்ட ஏழைச் சிறுவர் பாடசாலையை நினைந்தால் இவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கும். கதையின் முடிவில் ரைனி ரிம் பிழைத்துவிடுகிறான்; அவ்விரு பிள்ளைகளின் கதி சொல்லப்படவில்லை. அது வாசகர் கையில் விடப்பட்டுள்ளது.

ஆங்கிலத்திற் கருமியைக் குறிக்க இன்று "ஸ்குரூஜ்" என்பதே சொல்லாகிவிட்டது. அவன் திருந்தியதை உலகம் மறந்து, திருந்துமுன் இருந்த நிலையையே நினைவில் வைத்திருப்பது விந்தையே. கதையில் வரும் மருமகன் பிரெட் அவ்வாறு செய்யவில்லை. ஆண்டுதோறும் விருந்துக்கு அழைத்து, ஆண்டுதோறும் மறுக்கப்பட்டவன் அவன். இறுதியில் மாமன் வாயிலில் வந்து நின்றபோது, பழங்கணக்கு எதனையும் பேசாது கைகுலுக்கி உள்ளே அழைத்தான். திருந்துவோர் எந்நாளும் உளர். அவர்களுக்குக் கதவு திறப்போர் இருத்தல் வேண்டும்.