தேன் காலத்துக்கு முன் முகவலை, கையுறைகளின் வாசனையைப் போக்குங்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் உள்ள கச்சிராயபாளையம் வட்டாரத்தில் நெல், கரும்பு, மரவள்ளிப் பயிர்களுக்கிடையே வேம்பும் புங்கமும் புளியும் வளர்ந்து நிற்கின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் வேம்பும் புங்கமும் பூக்கும்போது தேனீப் பெட்டிகளை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும். இதற்காகப் பெட்டி, சட்டங்கள், தேன் பிழியும் இயந்திரம் ஆகியவற்றைப் பழுது பார்க்கும் உழவர்கள், தாம் அணியும் முகவலை, கையுறை, மேலங்கி ஆகியவற்றைக் கவனிப்பதில்லை. சென்ற பருவத்தில் சுருட்டி வைத்ததை உதறி அப்படியே அணிந்து கொள்கிறார்கள். இது ஆபத்தானது. மாசி மாதத்திலேயே இவற்றை வாசனை போகச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

வாசனையால் என்ன கெடுதல்?

தேனீ கொட்டும்போது அதன் கொடுக்கு நச்சுப்பையுடன் தோலிலோ துணியிலோ தங்கிவிடுகிறது. அந்தக் கொடுக்கிலிருந்து ஒருவித வாசனை கிளம்புகிறது. 'எதிரி இங்கே இருக்கிறான்' என்று மற்றத் தேனீக்களுக்கு அறிவிக்கும் எச்சரிக்கை மணம் அது. அதை உணர்ந்த தேனீக்கள் அதே இடத்தை நாடி வந்து கொட்டுகின்றன. இந்த மணத்தில் உள்ள முக்கியப் பொருள் ஐசோ அமைல் அசிடேட் என்பதை 1962-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். நம் நாட்டு அடுக்குத் தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ ஆகியவற்றிலும் இப்பொருள் உண்டு. பழுத்த வாழைப்பழத்தின் மணத்திற்கும் இதுவே ஒரு காரணம். பெட்டியருகே வாழைப்பழ வாசனை வீசினால், தேனீக்கள் சினம் கொண்டுள்ளன என்று அறிந்து பெட்டியை மூடிவிடுங்கள்.

இப்பொருள் காற்றில் எளிதில் ஆவியாகிவிடும். ஆயினும் ஒரே நாளில் பல பெட்டிகளைத் திறக்கும்போது, முதற் பெட்டியில் கையுறையில் ஏறிய மணம் அடுத்த பெட்டியின் தேனீக்களையும் சினமூட்டும். பழைய வியர்வை, தலைக்கு எண்ணெய், வாசனைச் சோப்பு ஆகியவற்றின் நாற்றமும் தேனீக்களுக்குப் பிடிப்பதில்லை என்பது தேனீ வளர்ப்போரின் நெடுநாளைய அனுபவம்.

புகை போட்டால் போதாதா?

புகை, எச்சரிக்கை மணத்தைத் தேனீ உணரும் திறனைக் குறைக்கிறது. ஆனால் 10 முதல் 20 நிமிடங்களில் அத்திறன் திரும்பிவிடும். அதற்குள் வேலை முடியாவிட்டால் அழுக்குக் கையுறையே பகையாகும். ஆகவே புகையும் வேண்டும், சுத்தமும் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

1. துணியிலும் கையுறையிலும் செருகியுள்ள கொடுக்குகளைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்தெடுங்கள்.

2. மெழுகு ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள். தேன்மெழுகு சுமார் 63 பாகை செல்சியஸில் உருகும். சுரண்டாமல் சுடுநீரில் போட்டால் மெழுகு உருகித் துணி முழுவதும் பரவிவிடும்.

3. பருத்தி மேலங்கியை, ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு மணமில்லாத சோப்பால் துவைத்து மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள். சலவைச் சோடா கையை அரிக்கும், குச்சியால் கலக்குங்கள்.

4. முகவலையைத் தனியாகக் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு தேனீ நுழையும் ஓட்டை இருந்தாலும் தைத்துவிடுங்கள்.

5. தோல் கையுறையை ஊற வைக்காதீர்கள். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். சிறிது தேன்மெழுகு தேய்த்தால் தோல் விறைக்காது. ரப்பர் கையுறையை ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே நீரில் கழுவிக்கொள்ளலாம்.

6. துணிகளை நல்ல வெயிலில் முழுமையாகக் காய வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பூசண நாற்றம் பற்றிக்கொள்ளும்.

மருந்து தெளிக்கும் உடை வேண்டாம்

பூச்சி மருந்து தெளிக்கும்போது அணியும் சட்டை, கையுறைகளைத் தேனீப் பெட்டியருகே ஒருபோதும் கொண்டு செல்லாதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே தேனீக்களைக் கொல்லும். எத்தனை முறை துவைத்தாலும் துணியில் ஏறிய மருந்து முற்றிலும் போய்விடும் என்று நம்ப முடியாது. இரண்டு வேலைகளுக்கும் தனித்தனி உடை வைத்துக்கொள்வதே வழி.

சேமிக்கும் முறை

சுத்தமான உடைகளை மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். பாச்சை உருண்டை போடக்கூடாது. அதன் நஞ்சு தேனீக்களுக்குக் கேடு. மண்ணெண்ணெய், உரம், மருந்து வைக்கும் அறையில் பெட்டியை வைக்காதீர்கள். பருவத்தின்போது, கொட்டு வாங்கிய நாளன்று மாலையே உடைகளைத் துவைத்துவிடுங்கள்.

கொட்டினால் என்ன செய்வது?

கொடுக்கு தோலில் இருக்கும்வரை நச்சுப்பை நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். நகத்தாலோ கத்தியாலோ, எப்படியாவது உடனே அகற்றுங்கள். முறையைவிட விரைவே முக்கியம். கொட்டிய இடத்தின் மீது சிறிது புகை விட்டு, பெட்டியிலிருந்து விலகி வந்து அவ்விடத்தை நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினாலும், பல தேனீக்கள் ஒருசேரக் கொட்டியிருந்தாலும் வீட்டு வைத்தியம் செய்து காலம் கடத்தாதீர்கள். உடனே 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மலைப்பகுதியில் பெட்டி வைத்திருப்போர் தனியாகச் சென்று பெட்டியைத் திறக்கக் கூடாது. உதவிக்கு ஒருவர் உடனிருப்பது அவசியம்.

ஒரு வாளி வெந்நீரும் ஒரு கைப்பிடி சோடாவும் அதிகச் செலவல்ல. வேம்பு மொட்டு விடுமுன் இந்த வேலையை முடித்துக்கொண்டு, அச்சமின்றித் தேன் எடுத்துப் பயன் பெறுங்கள்.