வானத்தின் நடுவே ஏன் சாம்பல்?

கார்த்திகை தீபம் நெருங்கினால் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஃப்ளெக்ஸ் வேலை சூடுபிடித்துவிடும். படம் பெரும்பாலும் ஒன்றுதான்: அண்ணாமலை, உச்சியில் தீபம், பின்னால் அந்தி வானம். மலையும் தீபமும் போட்டோவிலிருந்து வந்துவிடும். வானத்தை மட்டும் கம்ப்யூட்டரில் போடுவார்கள். கீழே மஞ்சள், மேலே நீலம், கிரேடியன்ட் டூலை எடுத்து ஒரே இழுப்பு. முடிந்தது வேலை. ஆனால் நடுவில் பாருங்கள், அடுப்புச் சாம்பலைப் பூசியதுபோல் ஒரு பட்டை.

மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. திரையில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சுத்தமான மஞ்சள் 255, 255, 0. சுத்தமான நீலம் 0, 0, 255. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மூன்று எண்ணும் ஏறத்தாழ 128. மூன்றும் சமமாக நின்றால் அதற்குப் பெயர் சாம்பல்தான்.

ஆகவே நடுவில் என்ன வரவேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். போட்டோஷாப்பின் கிரேடியன்ட் எடிட்டரில் நீளமான பட்டை ஒன்று தெரியும். அதன் அடி விளிம்பில் சொடுக்கினால் புதிய நிறம் ஒன்று முளைக்கும், 'ஸ்டாப்' என்பார்கள். மேல் விளிம்பில் இருப்பவை நிறத்துக்கானவை அல்ல, எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்கானவை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலும் இதே வேலையைச் செய்யலாம்.

எந்த நிறங்களை வைப்பது? இதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. மலை நமக்கு மேற்கே, அந்தி வானம் அதன் பின்னால்தான். மாலையில் மொட்டைமாடி ஏறி ஒரு போட்டோ எடுத்து, அடிவானத்திலிருந்து மேலாக நான்கைந்து இடங்களில் நிறத்தை உறிஞ்சி எடுத்தால் போதும். ஸ்டாப்புகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். அடிவானத்தருகே நிறம் சட்டென்று மாறும், மேலே போகப்போக நிதானமாகும். 2022 பதிப்பு முதல் போட்டோஷாப்பில் 'பெர்செப்சுவல்' என்றொரு கலவை முறை உண்டு. கண்ணுக்கு இதமாகக் கலக்கும். ஆனால் நாம் வைக்காத செம்மையை அது கொண்டுவந்து தராது.

தூரிகை பிடித்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. காலண்டர் சாமிப் படங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு, இளமையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். பிறகு நாடகத் திரைச்சீலைகளும் வரைந்தார். அவரைப் போன்றவர்கள் இடைநிறத்தைக் கண்ணால் பார்த்துக் குழைத்தார்கள், சராசரி எடுக்கவில்லை.

இன்னொரு கோளாறு, அச்சில் வானம் கோடு கோடாகத் தெரிவது. 10 அடி உயர ஃப்ளெக்ஸ், அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் மொத்தம் 8,640 புள்ளி. கருநீலத்திலிருந்து சற்றே வெளிறிய நீலத்துக்கு 40 படிகள்தான் வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு படி 216 புள்ளி, அதாவது 3 அங்குலப் பட்டை! 'டிதர்' கட்டத்தை டிக் செய்து, மேலே லேசாக 'நாய்ஸ்' தூவினால் கோடுகள் கரைந்துவிடும்.

முழு ஃப்ளெக்ஸையும் ஓட்டுவதற்குமுன் ஒரு சாண் அகலத்துக்கு வானத்தை மட்டும் அச்சடித்துப் பார்க்கலாம். திரையில் மின்னும் நீலம் மையில் மங்கித்தான் வரும். அப்போது படத்தைத் தொட வேண்டாம், அந்த ஒரு ஸ்டாப்பின் நிறத்தை மாற்றினால் சரி.