முதல் முறை மட்டும் திக்கும் திரை

2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்து, 2022 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்காகப் புதிதாக உருவாக்கப்பட்ட 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டு, 2023 மார்ச் 28 அன்று கணினிக்கும் வந்தது. விலை 59.99 டாலர். வாங்கியவர்களின் கண்ணில் முதலில் பட்டது கதை அல்ல. ஷேடர்கள் தயாராகின்றன என்ற அறிவிப்பும், நத்தையாக ஊரும் ஒரு சதவீதக் கணக்கும்தான். சில கணினிகளில் இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. பிராசஸர் முழு மூச்சில் உழைத்துச் சூடேறியது. ஸ்டீம் கடையில் வாங்கிய விளையாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆடியிருக்க வேண்டும். ஷேடர் தயாராகக் காத்திருந்த நேரமும் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறியதால் பலர் கொதித்துப் போனார்கள். முதல் நாள் மதிப்புரைகளில் பெரும்பாலானவை எதிர்மறை. தயாரித்த நாட்டி டாக் நிறுவனம் கோளாறுகளை ஒப்புக்கொண்டு, பேட்ச் மேல் பேட்சாக வெளியிட்டது.

அந்த விளையாட்டு முன்கூட்டியே காத்திருக்கச் சொன்னது. 2022 டிசம்பரில் கணினிக்கு வந்த 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' அதையும் சொல்லவில்லை. ஆட்டம் உடனே தொடங்கியது, நடுநடுவே உறைந்து உறைந்து நின்றது. வெளிப்பார்வைக்கு இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். உள்ளே இருப்பது ஒரே வேலை. ஒன்றில் அது வாசலிலேயே முடிகிறது, மற்றதில் ஆட்டத்தின் நடுவில் நடக்கிறது.

இந்த வகை உறைதலை அடையாளம் காண்பது எளிது. கதாபாத்திரம் இருட்டறைக்குள் நுழைந்து முதன்முதலாக டார்ச்சை ஏற்றும்போது படம் கால் நொடி நிற்கிறது. முதல் துப்பாக்கிச் சூட்டின் புகை எழும்போது மீண்டும் நிற்கிறது. ஆட்டக்காரர் தோற்று, அதே அறைக்குத் திரும்பி, அதே டார்ச்சை ஏற்றினால் எந்தத் தடங்கலும் இல்லை. காட்சி கனமானது என்பதால் திணறியிருந்தால் இரண்டாம் முறையும் திணறியிருக்கும். முதல் முறை மட்டும் திக்கினால், அந்தக் காட்சிக்கு வேண்டிய ஏதோ ஒன்று அந்த நேரத்தில்தான் தயாராகிறது என்று பொருள்.

நொடிக்கு எத்தனை படங்கள் திரைக்கு வருகின்றன என்று விளம்பரங்கள் மார்தட்டும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் இந்தக் குறை தெரிவதே இல்லை. நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லி நொடி. ஒரு நிமிட ஆட்டத்தில் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 250 மில்லி நொடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொண்டால், அந்த நிமிடத்தின் சராசரி சுமார் 59.8. ஆட்டக்காரரின் கைக்கும் கண்ணுக்கும் மிக நன்றாகத் தெரிந்த ஒரு வெட்டு, கணக்கில் 0.2 ஆகக் கரைந்துவிடுகிறது. 'தி டெக் ரிப்போர்ட்' இதழில் ஸ்காட் வாசன் 2011-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், நொடிக்கு எத்தனை என்பதை விட்டு ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கும் பழக்கம் பரவியது.

முதல் முறை மட்டும் தயாராகும் அந்த 'ஏதோ ஒன்று' ஷேடர்தான். ஷேடர் என்பது ஒரு புள்ளி எந்த நிறத்தில், எந்த ஒளியில் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சிறு நிரல். சாதாரணக் கணினிகளுக்கு அது ஜீஃபோர்ஸ் 3 கார்டுடன் 2001-இல் வந்தது. அன்று ஒரு புள்ளிக்கான நிரலில் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் இருந்தால் அதிகம். இன்று ஈரத்தரையின் பளபளப்புக்கே நூற்றுக்கணக்கில் தேவைப்படலாம்.

விளையாட்டை எழுதுபவர் ஷேடரை எழுதும் மொழியைச் சிப்பால் நேரடியாகப் படிக்க முடியாது. கணினிக்கான விளையாட்டோடு வருவது பாதி மொழிபெயர்த்த ஓர் இடைநிலைக் குறியீடு. மீதிப் பாதியை, வாங்கியவரின் வீட்டுக் கணினியில், அங்கே இருக்கும் கார்டுக்கு ஏற்ப, அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் முடிக்கிறது. அந்த வேலை நடப்பது கார்டில் அல்ல, பிராசஸரில்.

தையல்கடையை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். இடைநிலைக் குறியீடு என்பது எடுத்து வைத்த துணி. டிரைவர் தையற்காரர். உடுத்தப்போவது கிராபிக்ஸ் கார்டு. பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே உடல்வாகு என்பதால், பள்ளிச் சீருடை போலத் தயாரிப்பவரே தைத்து அனுப்பிவிடுகிறார். கணினியில் ஆளுக்கு ஓர் அளவு. அதனால் துணியாகவே அனுப்பி, அந்தந்த ஊரில் தைத்துக்கொள்ளச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

விளையாட்டு டிரைவரோடு பேசும் பழைய டைரக்ட்எக்ஸ் 11 முறையில், விளையாட்டு என்ற வாடிக்கையாளர் எதையும் ஒரேயடியாகச் சொல்ல மாட்டார். காலரை ஒரு நாள் சொல்வார், பட்டனை இன்னொரு நாள். தையற்காரர் அனுபவத்தால் ஊகித்து ஓட்டுத்தையல் போட்டு வைத்திருப்பார். சொன்னது மாறினால் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் பிரித்துத் தைப்பார். டிரைவர் எழுதுபவர்கள் பல்லாண்டுகளாகத் தேறிய கைவேலை அது. ஆனால் எந்த நேரத்தில் பிரித்துத் தைப்பார் என்பது விளையாட்டை எழுதுபவருக்குத் தெரியாது, அதற்கு ஆகும் செலவும் அவர் கையில் இல்லை.

2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-உம், அதே வேலைக்கென 2016-இல் வந்த வல்கனும் இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கின. இனி அளவு, காலர், பட்டன், பை, உள்துணி எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதித் தர வேண்டும். ஷேடர்களையும், ஒளிபுகும் தன்மை, ஆழச் சோதனை போன்ற அமைப்புகளில் பெரும்பாலானவற்றையும் ஒன்றாகக் கட்டிய இந்தச் சீட்டுக்குப் பைப்லைன் ஸ்டேட் ஆப்ஜெக்ட் என்று பெயர். ஒரு முறை தைத்துவிட்டால் பிறகு திருத்தமே கிடையாது, எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஆட்டம் ஓடும்போது பிராசஸரின் சுமை குறைகிறது. அந்த அளவில் புதிய முறைகளின் வாக்குறுதி பொய்யில்லை. ஆனால் சீட்டில் பட்டனின் நிறம் மாறினாலும் அது வேறு சட்டையாகிவிடுகிறது. முன்கூட்டியே சீட்டுக் கொடுக்க மறந்துவிட்டு, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளைக்குச் சட்டை கேட்டால், மெஷின் ஓடி முடியும் வரை மேளக்காரர் முதல் புரோகிதர் வரை அத்தனை பேரும் நிற்க வேண்டும். திரை உறையும் அந்தக் கால் நொடி இதுதான். உவமையை இதற்கு மேல் இழுத்தால் தையல் பிரிந்துவிடும்.

எல்லாச் சீட்டுகளையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். தடை கணக்கில் இருக்கிறது. பொருள் ஈரமா, நிழல் விழுகிறதா, மூடுபனி உண்டா என்று ஆம்-இல்லை கேள்விகள் 10 இருந்தால் 1,024 சேர்க்கைகள். 20 இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேல். ஆட்டத்தில் உண்மையில் பயன்படுபவை அவற்றில் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கு எது என்பதை நிரலைப் படித்து மட்டும் முழுமையாகச் சொல்ல முடியாது. ஆகவே பல நிறுவனங்களில் சோதனையாளர்கள் விளையாட்டை முழுக்க ஆடுகிறார்கள். வழியில் கேட்கப்படும் ஒவ்வொரு சேர்க்கையும் பதிவாகிறது. அந்தப் பட்டியல்தான் விற்பனைப் பிரதியோடு வருகிறது. சோதனையாளர் எட்டிப் பார்க்காத ஒரு மூலைக்குள் வாங்கியவர் நுழைந்தால், அந்த மூலையின் முதல் சோதனையாளர் அவர்தான். வெளியீட்டுத் தேதியை மாற்ற முடியாது என்ற நெருக்கடியில் முதலில் சுருங்குவது இதுபோன்ற வேலைகள் என்பதில் வியப்பில்லை.

தைத்தவை வட்டில் சேமிக்கப்படுவதால் அடுத்த நாள் காத்திருப்பு இல்லை. ஆனால் டிரைவரின் புதிய பதிப்பை நிறுவினால் பழையவை பெரும்பாலும் செல்லாமல் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விளையாட்டுக்கே பெரிய பேட்ச் வந்தாலும் இதே கதைதான்.

சிப் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே மொழிக்கு ஒப்புக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது. பிராசஸர்களில் அது நடந்திருக்கிறது. 1978-இல் வந்த 8086-இன் வழிவந்த கட்டளை மொழியைத்தான் இன்றைய இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களும் பேசுகின்றன. கிராபிக்ஸ் சிப்புகள் அந்தச் சுமையைச் சுமக்க மறுத்தன. டிரைவர் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதால், தலைமுறைக்குத் தலைமுறை உள்ளமைப்பை மாற்றும் உரிமை அவற்றுக்கு உண்டு. 64 புள்ளிகளை ஒரு கூட்டமாக ஓட்டிய ஏஎம்டி, 2019-இல் வந்த ஆர்டிஎன்ஏ அமைப்பில் 32-ஐ இயல்பான கூட்டமாக்கியது. பழைய விளையாட்டுகள் எதுவும் அதனால் நின்றுவிடவில்லை. கிராபிக்ஸ் சிப்புகள் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். அதன் விலைதான் வாங்கியவர் வீட்டில் நடக்கும் தையல்.

சந்தையில் கூவி விற்கப்படும் மருந்துகள் பலவும் இந்த நோய்க்குப் பலிப்பதில்லை. 1,599 டாலருக்கு அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டிலும் இதே விளையாட்டுகள் திக்கின. வேலை பிராசஸரில் நடக்கும்போது கார்டின் பலம் அதற்கு உதவாது. இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே உருவாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் நுட்பம் 2022-இல் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. அடுத்த உண்மையான ஃபிரேமே வந்து சேராதபோது, நடுவே செருக அதனிடம் எதுவும் இல்லை. சராசரி எண்ணை அது உயர்த்திக் காட்டும், உறைதல் அப்படியே இருக்கும்.

உருப்படியான தீர்வுகளும் இருக்கின்றன. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கருவியில், வாங்கிய எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே சிப் என்பதால், முன்பே தயாரான ஷேடர்கள் விளையாட்டோடு சேர்ந்தே இறங்குகின்றன. 2025-இல் மைக்ரோசாஃப்டும் அசூஸும் சேர்ந்து வெளியிட்ட ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை கையடக்கக் கருவியிலும் இதே ஏற்பாடு வந்தது. வல்கன் 2022-இல் வேறு வழி பிடித்தது. முழுச் சீட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே தயாரித்து, வேண்டும்போது விரைவாக இணைத்துக்கொள்ளலாம். செம்மையான வடிவம் பின்னணியில் மெல்லத் தயாராகும். விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் என்ஜின் 5-இன் அண்மைப் பதிப்புகள், ஒரு பொருள் நினைவகத்துக்கு வந்தவுடனேயே அது திரையில் தெரியும் முன் அதற்கான சேர்க்கைகளைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. இவை எதிலும் மொழிபெயர்ப்பு வேலை மறைந்துவிடவில்லை. நிறுவனத்தின் சர்வருக்கோ, ஓய்வாக இருக்கும் பிராசஸர் கோருக்கோ, தொடக்கத் திரைக்கோ அது இடம் மாறுகிறது.

உறைதல் எல்லாவற்றையும் ஷேடர் தலையில் கட்டுவதும் தவறு. ஒரே கதவைக் கடக்கும்போதெல்லாம் படம் நின்றால், அடுத்த பகுதியின் தரவை வட்டிலிருந்து எடுத்து விரிப்பதில் தாமதம் இருக்கலாம். 2023 ஏப்ரலில் வந்த 'ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்' கணினியில் இதற்காகவும் வசவு வாங்கியது. கார்டில் 8 ஜிபி நினைவகம் மட்டும் உள்ளவர்களுக்கு உயர்ந்த அமைப்புகளில் வேறு நெருக்கடி. தரவு வெளியேயும் உள்ளேயும் போய்வந்தபடி இருக்கும், முதல் முறையோ பத்தாம் முறையோ திணறல் குறையாது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது சராசரி எண்ணை அல்ல, ஃபிரேம் நேர வரைபடத்தை. மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்களைத் தனியாகக் காட்டும் மதிப்புரை இன்னும் நம்பகமானது. அதுவும் பல முறை ஆடிப் பழகிய கணினியில் எடுத்த அளவாக இருந்தால், முதல் முறைத் திக்கல் அதில் பதிவாகியிருக்காது. ஷேடர் சேமிப்பை அழித்துவிட்டு எடுத்த அளவுதான் புதிதாக வாங்குபவரின் முதல் நாளைக் காட்டும். வாங்கியபின் தொடக்கத்தில் ஷேடர் தயாரிப்பு நடந்தால் அதைத் தாண்டிக் குதிக்காமல் முடிய விடுவது நல்லது. தாண்டினால் அதே வேலை ஆட்டத்தின் நடுவில் தவணை முறையில் திரும்பி வரும்.